ஊற்றுத் தண்ணீர்தானே, ஹாட் டப்புக்கு எதற்குக் குளோரின்? (கொடைக்கானல், வில்பட்டி பக்கம்)

கேள்வி, 2025 ஏப்ரல் 6

வில்பட்டி போகிற வழியில் இரண்டு அறை காட்டேஜ் நடத்துகிறேன். வெளியே மர டெக்கில் நாலு பேர் உட்காரும் ஹாட் டப் ஒன்று இந்த சீசனுக்குப் போடுகிறோம். ஆயிரம் லிட்டர், ஆறு ஜெட், மூன்று கிலோவாட் ஹீட்டர். தண்ணீர் எங்கள் சொந்த ஊற்றிலிருந்து வருவது, அதைத்தான் குடிக்கிறோம். டப் விற்றவர் ஒரு டப்பா குளோரின் மாத்திரை கொடுத்து, மிதக்க விட்டால் போதும் என்றார். எனக்கு அந்த வாடையே ஆகாது. கல் உப்பும் மஞ்சளும் போட்டு வாரம் ஒரு தரம் தண்ணீரை மாற்றினால் போதாதா? இயற்கை முறை என்று கெஸ்ட்டிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 6, இரவு

போதாது. மஞ்சள் அக்ரிலிக்கில் ஏறினால் இறங்காது. கல் உப்பு ஹீட்டர் சுருளை அரிக்கும். அந்த மாத்திரையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

ஏப்ரல் 7

ஊற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தான், மறுக்கவில்லை. அது நல்லதாக இருப்பது குளிர்ச்சியாக, ஓடிக்கொண்டே, யாரும் இறங்காமல் இருக்கிற வரைக்கும். அதையே 38 டிகிரிக்குச் சூடாக்கி, நாலு பேரை உட்கார வைத்து, மூடி போட்டு மூடிவிட்டால் கணக்கே வேறு. வியர்வை, தோல், தலையெண்ணெய் எல்லாம் கிருமிக்குச் சாப்பாடு. சூடு அதற்குத் தோதான சூடு.

டப்பில் வளரக்கூடியவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சூடோமோனாஸ். தோலில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் போடும், காதிலும் சீழ் வைக்கும். இன்னொன்று லெஜியோனெல்லா. இது தண்ணீரைக் குடித்து வருவதில்லை. ஜெட் கிளப்புகிற நுண்ணிய சாரலை மூச்சில் இழுத்தால் நிமோனியாவாக வரும். 1976-இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் (அமெரிக்கன் லீஜியன் சங்கம்) கூட்டம் நடந்த ஓட்டலில் பரவிய பிறகுதான் முதலில் அடையாளம் கண்டார்கள், பெயரும் அங்கிருந்து வந்ததுதான். 1999-இல் நெதர்லாந்தில் ஒரு மலர்க் கண்காட்சி. நம் பிரையண்ட் பூங்காவில் மே மாதம் நடக்கிறதே, அந்த மாதிரி. விற்பனைக்குக் காட்ட ஒரு டப்பை ஓட விட்டிருந்தார்கள். அதில் யாரும் குளிக்கவே இல்லை. பக்கத்தில் நடந்து போனவர்கள்தான் சாரலை இழுத்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள்.

வாரம் ஒரு தரம் தண்ணீரை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் பிரச்சினை தண்ணீரில் மட்டும் இல்லை. ஜெட்டுக்குப் பின்னால் ஓடும் பைப் முழுக்க வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும். டப்பை வடித்தாலும் அந்த வளைவுகளில் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும். புதுத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே பழைய கூட்டம் இறங்கி வந்துவிடும். ஜெட், பம்ப் எதுவும் இல்லாத வெறும் மரத்தொட்டி என்றால் ஆளுக்கு ஆள் வடித்து, தேய்த்து, காயவைத்து நிரப்பலாம். அது குளியல் தொட்டி மாதிரி. உங்களுடையதில் ஆறு ஜெட் இருக்கிறது.

மாத்திரை விஷயம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், டிசிசிஏ 90 (TCCA, டிரைகுளோர்) என்று இருக்கும். நீச்சல் குளத்துக்கு உள்ள சரக்கு. சுடுதண்ணீரில் விறுவிறுவென்று கரையும், ரொம்ப அமிலம், மிதவை ஒதுங்கி நிற்கிற இடத்தில் அக்ரிலிக் வெளுத்துவிடும். இவற்றைவிட மோசம், அதில் உள்ள சயனூரிக் அமிலம் (வெயிலில் குளோரின் தீராமல் காப்பது). தண்ணீரில் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) குளோரின் சேர்த்தால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேரும். குளோரின் வேலை செய்து தீர்ந்துபோகும், இது தீராது, ஏறிக்கொண்டே போகும். ஏற ஏறக் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. டெஸ்டில் மட்டும் 5 காட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஹாட் டப்பில் சயனூரிக் அமிலமே வேண்டாம் என்கிறது.

அவர்கள் சொல்லும் மற்ற அளவுகள்: குளோரின் 3 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 7.0 முதல் 7.8 வரை, சூடு 40 டிகிரிக்கு மேல் கூடாது. குளோரினுக்குப் பதில் புரோமின் என்றால் குறைந்தது 4. நம் குடிநீர்க் குழாயில் இருக்க வேண்டிய குளோரின் 0.2 தான். இத்தனை மடங்கு எதற்கு என்று மலைக்க வேண்டாம். குடிதண்ணீரில் யாரும் உட்காருவதில்லை.

ஏப்ரல் 8

சரி, ஆரம்பிப்பது எப்படி.

டப் புதிது என்றாலும் முதலில் பைப்பைக் கழுவுங்கள். தொழிற்சாலையில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அந்த மிச்சத் தண்ணீர் லாரியிலும் குடோனிலும் எத்தனை மாதம் கிடந்ததோ. டப்பை நிரப்பி, பைப் கழுவும் மருந்து கிடைத்தால் அதை ஊற்றி ஜெட்டை ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் திரவத்தை (சுருக்கமாக ஹைப்போ) மட்டும் 50 பிபிஎம் வருகிற அளவு ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டலாம். ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டு ஓட்டுங்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். நுரையோடு சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக மிதந்து வரும். புது டப்பில் இது வருவதைப் பார்த்துவிட்டு, ஏமாற்றிப் பழைய டப்பை விற்றுவிட்டான் என்று சண்டைக்குப் போனவரைத் தெரியும். அப்புறம் வடித்து, துடைத்து, மறுபடி நிரப்புங்கள்.

கணக்கு எளிது. ஆயிரம் லிட்டருக்கு 1 பிபிஎம் என்றால் 1 கிராம் குளோரின். 10 சதவீத ஹைப்போ என்றால் 10 மில்லி. ஆக 5 பிபிஎம்முக்கு 50 மில்லி, 50 பிபிஎம்முக்கு அரை லிட்டர். வாசனை சேர்த்த தரை துடைக்கிற பிளீச் எதுவும் வேண்டாம்.

இரண்டாவது நிரப்பலில் குளோரினுக்கு முன்னால் காரத்தன்மையை (பிஹெச்சை ஆடாமல் பிடித்து வைப்பது, இதுவும் பிபிஎம் கணக்குதான்) பாருங்கள். நம் மலைத் தண்ணீர் பாறையிலும் சோலையிலும் வடிந்து வருவது, ரொம்ப மென்மை. நான் கவனிக்கிற இடங்களில் 20, 30 என்றுதான் காட்டும். அதைத் தூக்கிவிடாமல் பிஹெச்சைப் பிடிக்கப் போனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். இதற்கு மளிகைக் கடை ஆப்ப சோடாவே போதும். ஆயிரம் லிட்டருக்கு 17 கிராம் போட்டால் 10 பிபிஎம் ஏறும். 80 வரை ஏற்றலாம். உங்கள் டப்புக்குச் சுமார் 100 கிராம். பம்ப் ஓடும்போது தூவி, அரை மணி விட்டுப் பாருங்கள்.

பிறகு பிஹெச், பிறகு குளோரின், கடைசியில் ஹீட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள், மூடியைத் திறந்தே வையுங்கள்.

ஏப்ரல் 8, பிற்பகல்

ஒன்றை மேலேயே சொல்லியிருக்க வேண்டும். வத்தலக்குண்டிலோ மதுரையிலோ ஹைப்போ கேன் வாங்கினால், அதே டிக்கியில் டாய்லெட் ஆசிட்டை வைத்து ஏற்றி வராதீர்கள். காட் ரோட்டு வளைவில் இரண்டும் சாய்ந்து கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு, கண்ணாடி மூடிய காரில். டிசிசிஏ மாத்திரையோடு வேறு வகைக் குளோரின் பவுடரைக் கலந்தாலும் தீப்பிடிக்கும், வெடிக்கும். அளக்கிற கரண்டிகூடத் தனித்தனி.

ஏப்ரல் 10

பெருமாள்மலையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: குளோரின் ஊற்றியதும் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போய்விட்டது, மருந்து போலியா?

மருந்து சரி. தண்ணீரில் இரும்பு இருக்கிறது. கரைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாக வெளியே வரும். ஃபில்டரை மாற்றி மாற்றி அலசிக்கொண்டே ஓட்டினால் ஓரிரு நாளில் தெளியும். அந்தத் துரு ஃபில்டரில் தங்கட்டும், டப் சுவரில் தங்க விட்டால் கறை.

நிரப்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி: ஒரு பக்கெட்டில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து, பத்துச் சொட்டு ஹைப்போ விட்டு, இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். அடியில் செம்பழுப்பாகப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரை நேராக டப்பில் விடாதீர்கள். தொட்டியில் குளோரின் போட்டுத் தெளிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

படிகாரம் போட்டுத் தெளிய வைக்கலாமா என்று அதற்குள் இன்னொருவர். வெளித் தொட்டியில் தாராளமாக. டப்புக்குள் வேண்டாம், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், ஏற்றி வைத்த காரத்தன்மையும் இறங்கிவிடும். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கிற தேத்தாங்கொட்டையைக் கேட்பவர் எப்போது வருவார் என்று காத்திருக்கிறேன்.

ஏப்ரல் 13

தேத்தாங்கொட்டை வரவில்லை, பிளீச்சிங் பவுடர் வந்துவிட்டது. பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடுகிறார்களே, கிலோ விலையும் மலிவு, அதைப் போடக்கூடாதா?

அதில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின். மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. தொட்டியில் அடியில் தங்கிவிடும், யாருக்கும் தெரியாது. டப்பில் அது ஃபில்டரிலும் ஜெட்டிலும் போய் உட்காரும். வேண்டாம்.

ஏப்ரல் 15

மேலே எழுதியதை ஒட்டி ஒரு யோசனை. பிளீச்சிங் பவுடரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

நம் தண்ணீரில் கால்சியம் ரொம்பக் குறைவு. அக்ரிலிக் டப்புக்கு அதனால் நுரை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆனால் இங்கே பல காட்டேஜில் இருப்பது கொத்தனார் கட்டி டைல்ஸ் ஒட்டிய சிமெண்ட் டப். மென்மையான சுடுதண்ணீர் தனக்கு வேண்டிய கால்சியத்தை டைல்ஸ் இடுக்குச் சிமெண்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு வருடத்தில் இடுக்கெல்லாம் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும், கொத்தனார் திட்டு வாங்குவார். அப்படிப்பட்ட டப்பில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, ஒரு மணி நேரம் தெளிய விட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் ஊற்றினால் குளோரினும் கிடைக்கும், கொஞ்சம் கால்சியமும் சேரும். மண்டியை ஊற்றக் கூடாது. இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்கள் கால்சியம் குளோரைடு செதில் வாங்கிப் போடலாம். ஆயிரம் லிட்டருக்கு 15 கிராம் போட்டால் கடினத்தன்மை (கால்சியம் அளவு) சுமார் 10 பிபிஎம் ஏறும். சிமெண்ட் டப்புக்கு 150-க்கு மேல் இருக்கட்டும்.

மே 3

சீசன். யாருக்கும் படிக்க நேரமில்லை, எனக்கும் எழுத நேரமில்லை. ஆனால் ஒரே கேள்வியைப் போனில் எல்லாரும் கேட்பதால்: "மாலையில் குளோரின் 5 இருந்தது, காலையில் பூஜ்யம். லீக்கா?"

லீக் இல்லை, ஆட்கள். ஒருவர் ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் உட்கார்ந்தால் அவர் விட்டுச் செல்வதைத் தீர்க்கத் தோராயமாக 9 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத ஹைப்போவில் 90 மில்லி. நாலு பேர் அரை மணி நேரம் என்றால் 180 மில்லி. நீங்கள் முன்னால் வைத்திருந்த 5 பிபிஎம் என்பது 50 மில்லிதான். அதாவது அவர்கள் உள்ளே இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. ஆகவே அவர்கள் எழுந்து போன கையோடு ஊற்ற வேண்டும். ஜெட்டை ஓட விட்டு, மூடியைத் திறந்து வைத்து, அப்புறம் மூடுங்கள். காலையில் 3-க்கு மேல் நின்றால் ராத்திரி ஊற்றியது சரி. அடுத்த கெஸ்ட் இறங்குவதற்கு முன் மறுபடி ஒரு தரம் பார்த்தாக வேண்டும், இதில் சலுகை கிடையாது.

இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னால் பாதிச் செலவு மிச்சம். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தால் டப் பக்கத்திலேயே ஒரு வெந்நீர் ஷவர் வையுங்கள். குளிரில் தானாகவே நிற்பார்கள்.

தேனிலவு ஜோடிக்கு ரோஜா இதழ் தூவுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு இதழும் குளோரினைத் தின்னும், உறிஞ்சுகிற வாயில் போய் ஒட்டும். படம் எடுக்கத்தான் என்றால் ஒரு பித்தளை உருளியில் மிதக்க விட்டு ஓரத்தில் வையுங்கள்.

யூகலிப்டஸ் தைலம். ஏரிக்கரையில் வாங்கிய பாட்டிலைக் கெஸ்ட் அப்படியே கவிழ்த்துவிடுகிறார்கள். சளிக்கு நல்லதாம். ஃபில்டரை எடுத்தால் வாரக்கணக்கில் தைல வாடை. பம்பின் ரப்பர் சீலுக்கும் ஆகாது. "தைலம், எண்ணெய், பாத் சால்ட் எதுவும் ஊற்ற வேண்டாம்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். கூடவே மலையாளத்திலும்.

மே 4

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறார், டெஸ்டில் பூஜ்யம் காட்டியது என்று இன்னும் ஊற்றியிருக்கிறார், அப்போதும் பூஜ்யம். வீடியோ அனுப்பினார். அதில் கவனித்தால் தெரியும்: சொட்டு விழுந்த நொடியில் குழாயில் ஒரு இளஞ்சிவப்பு மின்னி மறைகிறது.

அந்த மின்னல்தான் விடை. டிபிடி வகை டெஸ்டில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். குளோரின் அளவுக்கு மீறினால், வந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். பார்ப்பவருக்குத் தெளிந்த தண்ணீர், அதாவது பூஜ்யம். சந்தேகம் வந்தால் டப் தண்ணீரில் ஒரு பங்கோடு குளோரின் இல்லாத குடிதண்ணீர் நாலு பங்கு கலந்து டெஸ்ட் செய்து, வருவதை ஐந்தால் பெருக்குங்கள். அவருக்கு 20-க்கு மேல் வந்தது. மூடியைத் திறந்து வெயிலில் விடச் சொன்னேன். இந்த உயரத்து வெயிலில், சயனூரிக் அமிலம் இல்லாத குளோரின் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பறந்துவிடும். (மூடி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.)

பஞ்சாயத்தில் வைத்திருக்கிற, மஞ்சள் நிறம் காட்டும் ஓடிஓ கிட் டப்புக்கு உதவாது. வேலை செய்கிற குளோரினையும் அழுக்கோடு சேர்ந்து செத்துப்போன குளோரினையும் ஒன்றாகவே காட்டும். கேள்வி கேட்டவருக்கு ஆகாத அந்த வாடை இருக்கிறதே, அது பெரும்பாலும் இந்தச் செத்த குளோரினின் வாடை. ஒழுங்காக வைத்திருக்கிற டப்பில் மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் லேசாகத் தெரியும். வாடை அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று குறைக்கிறார்கள். கூட்ட வேண்டும்: ஒரே தடவையாக 10 பிபிஎம்முக்கு ஏற்றி, மூடியைத் திறந்து ஓட்டினால் வாடை போகும்.

மே 19

ஒரு காட்டேஜ், பெயர் வேண்டாம். போன கெஸ்ட் திண்டுக்கல் திரும்பியதும் போட்டோ அனுப்பினார்கள்: இடுப்பிலும் தொடையிலும் சிவப்புக் கொப்புளம், நாலு பேரில் மூன்று பேருக்கு. "காட்டுக்குள் போனார்கள், பூச்சிக்கடி" என்று காட்டேஜ்காரர் பதில் போட்டுவிட்டார். பூச்சி கடித்தால் கையில் காலில் கடிக்கும். ஈரத் துணி ஒட்டியிருந்த இடமாகப் பார்த்து மூன்று பேருக்கும் வந்தால் அது டப். பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கும். காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் சேர்ந்தால் டாக்டரிடம் போகும்போது டப்பில் குளித்ததைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு லெஜியோனெல்லா ஞாபகம் வரும்.

அந்த டப்பை நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. அடியில் கிடந்த பத்துப் பைசா நாணயத்தின் வருஷம்கூடப் படிக்க முடிந்தது. ஃபில்டர் மூடியின் உள்பக்கத்தில் விரலை வைத்தேன், வழுக்கியது. குளோரின் 0.5.

ஜூன் 11

காரத்தன்மை 80 என்று ஏப்ரலில் சொன்னேன். ஹைப்போ ஊற்றுகிற, ஜெட் அதிகம் ஓடுகிற டப்புகளில் 80 வைத்தால் பிஹெச் தினமும் 8-ஐ நோக்கி ஓடுகிறது. ஜெட் காற்றை அடிக்க அடிக்கத் தண்ணீரில் உள்ள கரியமில வாயு வெளியேறும், பிஹெச் ஏறும். காரத்தன்மை கூட இருந்தால் ஏற்றமும் வேகம். 50, 60-இல் நிறுத்தினால் அமிலம் ஊற்றும் வேலை பாதியாகக் குறைகிறது. முதல் வாரம் 80-இல் ஆரம்பித்து, அமிலம் ஊற்ற ஊற்ற இறங்குவதை 50 வரை விடுங்கள். டிசிசிஏ போடுகிறவர்கள் இதைச் செய்யக் கூடாது, அவர்களுக்கு ஏற்கனவே அமிலம்.

"டைகுளோர் பவுடர் முதல் வாரம், அப்புறம் ஹைப்போ" முறை பற்றிக் கேட்டவருக்கு: சொந்த வீட்டு டப்பில் பலர் அப்படிச் செய்கிறார்கள், தவறில்லை. டைகுளோரில் 10 பிபிஎம் குளோரினுக்கு 9 சயனூரிக் அமிலம் ஏறும் என்பதை மட்டும் கணக்கு வையுங்கள். தினம் 4 வீதம் ஒரு மாதம் போட்டால் 100-ஐத் தாண்டும். வாடகைக்கு விடும் டப்புக்கு ஹைப்போ மட்டும் போதும்.

ஜூன் 24

சீசன் முடிந்தது, கரண்ட் பில் வந்தது, எல்லாரும் ஹீட்டரை அணைக்கிறார்கள். அணைப்பதில் தப்பில்லை. அணைத்துவிட்டுத் தண்ணீரை அப்படியே விடுவதுதான் தப்பு. லெஜியோனெல்லா 20 டிகிரிக்கு மேல் பெருக ஆரம்பிக்கும், 45 வரை அதற்குக் கொண்டாட்டம். அணைத்த டப் ஆறி முடிகிற வரை நாள்கணக்கில் அந்த எல்லைக்குள்தான் கிடக்கும். குளோரினும் இல்லை, பம்பும் ஓடவில்லை. அடுத்து திடீரென்று ஒரு புக்கிங் வந்ததும் சூடேற்றி ஜெட்டைப் போடுவீர்கள்.

ஒன்று, குளோரினோடு தினமும் பம்ப் ஓடட்டும். இல்லையா, வடித்துத் துடைத்துக் காயப் போட்டுவிடுங்கள். மறுபடி ஆரம்பிக்கும்போது ஏப்ரல் 8-இல் உள்ள பைப் கழுவல் முதலிலிருந்து. மழையில் அரை நாள் கரண்ட் போய் வந்தாலும் குளோரினைப் பார்க்காமல் யாரையும் இறக்காதீர்கள்.

ஜூன் 25

எத்தனை நாளுக்கு ஒரு தரம் வடிப்பது? லிட்டரை 11-ஆல் வகுத்து, வந்ததைத் தினசரி ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். ஆயிரம் லிட்டர், தினம் நாலு பேர்: 22, 23 நாள். மே மாதம் தினம் எட்டுப் பேர் என்றால் 11 நாள். ஊற்று வற்றி டிராக்டர் தண்ணீர் வாங்குகிற மாதமும் அதே மே. அதனால்தான் ஷவர், ஷவர் என்று கத்துகிறேன்.

செப்டம்பர் 20

கேரளாவில் மூளை தின்னும் அமீபா செய்தி வந்ததிலிருந்து கேள்வி மேல் கேள்வி. நெக்ளேரியா என்ற அந்த அமீபாவுக்கு வெதுவெதுப்பான நன்னீர் பிடிக்கும், 46 டிகிரி வரை தாங்கும். மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகும், குடித்தால் வராது. குளோரின் 3-க்குக் குறையாமல் நிற்கிற டப்பில் அது பிழைக்காது. தலையை முக்கிக் குளிக்க வேண்டாம் என்ற பொது விதி இதற்கும் சேர்த்துத்தான். கேரளாவில் அரசே கிணறு, தொட்டிகளுக்குக் குளோரின் போடச் சொல்லியிருக்கும்போது, இங்கே ஒருவர் "எங்கள் டப் கெமிக்கல் இல்லாதது" என்று விளம்பரம் போட்டிருக்கிறார்.

அக்டோபர் 22

தீபாவளிக்கு ஒரு குடும்பம், மொத்தம் ஒன்பது பேர். காலை ஐந்து மணிக்கு நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் சகிதம் நேராக டப்பில் இறங்கிவிட்டார்கள். கங்கா ஸ்நானமாம். காட்டேஜ்காரர் எழுந்து வந்து பார்த்தபோது டெக் முழுக்க நுரை, நடுவில் ஒரு பாட்டியின் தலை மட்டும் தெரிந்ததாம். "வெந்நீர் ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாராம்.

இதைக் காப்பாற்ற முயலாதீர்கள். நுரை அடக்கும் மருந்து நுரையை அடக்கும், எண்ணெய் அங்கேயே இருக்கும். வடியுங்கள். தண்ணீர்க் கோட்டில் எண்ணெய் வளையம் பிடித்திருக்கும், ஆப்ப சோடாவை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் வரும். ஃபில்டரைச் சலவை சோடா கரைசலில் இரவு ஊறப்போட்டு, நன்றாக அலசுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டால் அடுத்த நிரப்பலிலும் நுரைதான். எண்ணெய் போகும் முன்னால் ஆசிட்டில் முக்கினால் எண்ணெய் உள்ளே இறுகிவிடும். இரண்டு ஃபில்டர் வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

நவம்பர் 9

வடித்த தண்ணீரை எங்கே விடுவது? ஓடையில் விடக் கூடாது, மீனும் தவளையும் போகும். கீழ்த்தோட்டத்துக்காரரின் பூண்டுப் பாத்தியிலும் வேண்டாம். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் இது, உங்கள் டப் தண்ணீரைக் குடித்துவிட்டு அது வாடினால் பஞ்சாயத்து பெரிதாகும். குளோரின் ஊற்றுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் வெயிலில் விட்டு, டெஸ்டில் பூஜ்யம் வந்ததும் புல்வெளியில் மெதுவாகப் பாய்ச்சுங்கள். மூடுபனியில் வெயிலே இல்லையென்றால் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் போட்டால் குளோரின் உடனே அடங்கும். மீன்தொட்டிக் கடையில் அதற்கும் ஹைப்போ என்றுதான் பெயர், ஆகவே கேன் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள்.

திறந்து வைத்த டப்பில் காட்டுமாடு வந்து குடிக்கிறது என்று வட்டக்கானலிலிருந்து எழுதியிருக்கிறார்கள். குடிக்கட்டும், அந்த அளவு குளோரினால் அதற்கு ஒன்றும் ஆகாது. மூடியில் காலை வைத்தால் மூடிதான் போகும்.

டிசம்பர் 28

உறைபனி இரவு. 14 டிகிரி தண்ணீரை 38-க்குக் கொண்டுவர ஆயிரம் லிட்டருக்கு 28 யூனிட் வேண்டும், மூன்று கிலோவாட் ஹீட்டரில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். மூடி ஈரம் குடித்துக் கனத்துப்போயிருந்தால் இன்னும் கூடும். பிற்பகல் செக்-இன் என்றால் முதல் நாள் இரவே போடுங்கள்.

"42 வையுங்க அண்ணே, குளிருது" என்பார்கள். 40-இல் பூட்டி வையுங்கள். 15, 20 நிமிடம் போதும். புத்தாண்டு இரவு என்பதால் சொல்கிறேன்: குடித்துவிட்டு இறங்கினால் சூடு தெரியாது, தூக்கம் வரும், தலை கீழே போகும். கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வேண்டவே வேண்டாம். மூடிக்குப் பூட்டு. 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று மாதம் ஒரு தரம் பாருங்கள்.

2026 ஜனவரி 11

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். குளோரின், பிஹெச் எல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறாராம். டிசம்பர் கடைசியிலிருந்து பிஹெச் தினமும் 7.2, மாறவே இல்லை, டப் நன்றாகப் பழகிவிட்டது என்று சந்தோஷம்.

எந்த டப்பும் அப்படிப் பழகாது. பிஹெச் சொட்டு மருந்துப் பாட்டிலின் அடியில் காலாவதித் தேதி பாருங்கள். வாங்கியது போன ஏப்ரல், வெயிலில் ஜன்னலோரம் வைத்திருப்பதை போட்டோவில் பார்த்தேன். புது பாட்டில் வாங்கி மறுபடி பார்த்துவிட்டு, வருகிற அளவை இங்கே எழுதுங்கள்.

ஜனவரி 14

8.1 வந்திருக்கிறது. 7.6-க்கு இறக்குங்கள். டிரை ஆசிட்டை வாளியில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. பொங்கல் முடிந்து போன் பண்ணுங்கள், ஃபில்டர் மாற்ற அந்தப் பக்கம் வருகிறேன்.